டேவிட் குரொஃப்ட் யார், அவரிடம் நாங்கள் என்ன எடுக்கலாம்?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களை யூடியூப்பில் தேடித் தேடிப் பார்க்கிறாராம். ‘டாட்ஸ் ஆர்மி’, ‘ஆர் யூ பீயிங் சேர்வ்ட்’, ‘அலோ அலோ’ என்று எதைப் போட்டாலும் முடிவில் டேவிட் குரொஃப்ட் என்ற ஒரே பெயர் வருகிறது. இந்த ஆள் யார், ஒருவரால் எப்படி இவ்வளவு செய்ய முடிந்தது, தயாரிப்பாளரும் நெறியாளரும் ஒருவரே என்றால் அவருடைய வேலைதான் என்ன, ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரும் இவருடையதா என்பவை அவருடைய கேள்விகள். கடைசியில் இன்னொன்றும் இருக்கிறது. தானும் இரண்டு நண்பர்களும் கொழும்பில் தமிழில் ஒரு நகைச்சுவைத் தொடர் எடுக்கப் போகிறோம், இவரிடம் இருந்து எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா என்கிறார்.

தம்பி, நான் கொழும்பில் தமிழ் மேடை நாடகங்களுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் தயாரிப்பு உதவியாளனாக இருபது வருடத்துக்கு மேல் ஓடித் திரிந்தவன். குரொஃப்ட்டின் தொடர்களைச் சிரிப்பதற்காகவும் பார்த்திருக்கிறேன், ஒரு காட்சியை எப்படிக் கட்டியிருக்கிறார் என்று நிறுத்தி நிறுத்தியும் பார்த்திருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் சின்னக் கேள்வியை முடித்துவிடுகிறேன். ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ குரொஃப்ட்டின் தொடர் இல்லை. அது 1977இல் இலண்டன் வீக்எண்ட் தொலைக்காட்சியில் தொடங்கியது. எழுதியவர் வின்ஸ் பவல், தயாரித்து நெறிப்படுத்தியவர் ஸ்டுவர்ட் அலன். அதில் ரஞ்சித் சிங்காக வந்த அல்பர்ட் மோசஸ் எங்கள் கம்பளையில் பிறந்தவர் என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். அதே வகுப்பில் அலி நதீமாக வந்த டினோ ஷபீக் குரொஃப்ட்டின் தொடர் ஒன்றிலும் இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

குரொஃப்ட் 1922 செப்டெம்பர் 7ஆம் திகதி இங்கிலாந்தின் தெற்குக் கரையில், பூல் நகரத்தை ஒட்டிய சாண்ட்பாங்ஸில் பிறந்தார். அப்போது குடும்பப் பெயர் ஷார்லண்ட். தகப்பன் ரெஜினல்ட் ஷார்லண்ட் மேடை நடிகர், பிறகு அமெரிக்காவுக்குப் போய் ஹொலிவுட்டில் வானொலி நடிகராகப் பெயரெடுத்தவர். தாய் ஆனி குரொஃப்ட் அந்தக் காலத்து இசை நாடகங்களில் நடித்துப் புகழ் பெற்றவர். மகன் பிற்காலத்தில் தாயின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டார். ஏழு வயதில் படமாளிகைகளில் காட்டும் ஒரு விளம்பரத்தில் நடித்தார். 1939இல் வந்த ‘குட்பை, மிஸ்டர் சிப்ஸ்’ படத்தில் பெயர் போடாத சின்ன வேடம் ஒன்றும் கிடைத்தது. திரைச்சீலைக்குப் பின்னால் வளர்ந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் இருப்பவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் இருமத் தொடங்குகிறார்கள் என்பது அப்படிப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். எங்கள் ஊரிலும் கூத்துக் குடும்பங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு யுத்தம். 1942இல் அரச பீரங்கிப் படையில் சேர்ந்தார். வட ஆபிரிக்காவில் இருந்தபோது வாதக் காய்ச்சல் வந்து நாட்டுக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. குணமான பிறகு சாண்ட்ஹர்ஸ்ட்டில் அதிகாரிப் பயிற்சி, அதன் பிறகு இந்தியா, சிங்கப்பூர். மேஜர் பதவி வரை உயர்ந்தார். இந்தப் படை வருடங்களைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். பிற்காலத்தில் அவர் செய்த பெரிய தொடர்களில் பாதிக்கு மேல் அங்கேயே முளைத்தவை. சீருடை போட்டதும் ஒரு சாதாரண மனிதனுக்கு எப்படி மிடுக்கு ஏறுகிறது, தகுதி இல்லாதவன் மேலதிகாரியானால் கீழே இருப்பவர்கள் அவனை எப்படிச் சமாளிக்கிறார்கள், பயத்தை மறைக்க மனிதர்கள் எப்படிப் பகிடி விடுகிறார்கள் என்பதையெல்லாம் ஒரு அதிகாரியின் இடத்தில் இருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் கொழும்பைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்கில் போரிட்ட பிரிட்டிஷ் படையினரைச் சந்தோஷப்படுத்துவதற்காக யுத்தத்தின் இறுதிக் காலத்தில் ரேடியோ சியாக் என்ற வானொலி நிலையம் இங்கே கொழும்பில் இருந்து இயங்கியது. யுத்தம் முடிந்து 1949இல் அந்த நிலையத்தின் சக்தி வாய்ந்த கருவிகள் இலங்கை வானொலியிடம் வந்து சேர்ந்தன. இந்தியாவிலும் பர்மாவிலும் படையினருக்காக மேடையில் ஆடிப் பாடிய குழுக்களும், அதே படையினர் கூடாரத்தில் இருந்து கேட்ட கொழும்பு வானொலியும் ஒரே தேவைக்குப் பிறந்தவை. பிறகு எங்கள் தமிழ் வானொலி நாடகக்காரர்கள் அந்த நிறுவனத்தில்தான் வளர்ந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் நெருக்கமான ஒரு விஷயம்.

யுத்தத்துக்குப் பிறகு குரொஃப்ட் நடித்தார், பாடினார், மேடைக்கு எழுதினார். இசையமைப்பாளர் சிரில் ஓர்னடெலுடன் சேர்ந்து பாடல்கள் எழுதினார். இங்கிலாந்தில் நத்தார் காலத்தில் மேடையேறும் பாண்டமைம் நாடகங்களுக்குப் பிரதி எழுதினார். 1952இல் ஆன் கலெண்டரைத் திருமணம் செய்தார். ஆன் பிறகு நடிகர்களுக்கு முகவராக இருந்தவர். அவர்களுக்கு ஏழு பிள்ளைகள். 1959இல் வட கிழக்கு இங்கிலாந்தில் டைன் டீஸ் என்ற தனியார் தொலைக்காட்சி தொடங்கியபோது அங்கே போய் மத்தியான நேரத்து நேரடி நிகழ்ச்சிகளைக் கணக்கில்லாமல் தயாரித்தார். காசு குறைவு, நேரம் அதைவிடக் குறைவு, ஆனால் ஒவ்வொரு நாளும் ஒளிபரப்பு. தொழிலைக் கையில் ஏற்ற அதைவிட நல்ல இடம் இல்லை. 1960களின் முற்பகுதியில் பிபிசிக்கு வந்தார். ‘ஹியூ அண்ட் ஐ’, ‘பெகர் மை நெய்பர்’ போன்ற தொடர்களை வேறு எழுத்தாளர்களின் பிரதிகளை வைத்துச் செய்தார். நாற்பத்தைந்து வயது வரை அவர் வேலை தெரிந்த ஒரு பிபிசி தயாரிப்பாளர், அவ்வளவுதான்.

இனி அந்த வேலை என்ன என்ற கேள்வி. எங்கள் ஊரில் தயாரிப்பாளர் என்றால் காசு போடுகிறவர் என்று நினைக்கிறோம். பிபிசியின் நகைச்சுவைப் பிரிவில் அப்படி இல்லை. தயாரிப்பாளர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். பிரதியை ஏற்பது, நடிகரைத் தெரிவது, ஒதுக்கிய பணத்துக்குள் வேலையை முடிப்பது, மேலிடத்தோடு சண்டை பிடிப்பது அவர் பொறுப்பு. நெறியாளர் ஒத்திகையை நடத்தி, எந்தக் கமெரா எந்த வசனத்துக்கு எந்த முகத்தைக் காட்ட வேண்டும் என்று திட்டம் போட்டு, ஒளிப்பதிவு நேரத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருந்து அதை நடத்துபவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் பெரிய பலன் ஒன்று உண்டு. ஒரு நடிகரைத் தேர்ந்தெடுத்தவரே அவரை எப்படிக் காட்டுவது என்றும் முடிவு செய்கிறார். போதாததற்கு குரொஃப்ட் எழுத்தாளராகவும் ஆனார். மூன்று தொப்பி, ஒரு தலை.

ஒரு அங்கம் எப்படி உருவானது என்பதைச் சொல்கிறேன், இதுதான் உங்களுக்கு மிகவும் பயன்படும். வெளிப்புறக் காட்சிகளை எல்லா அங்கங்களுக்குமாகச் சேர்த்து முதலிலேயே படச்சுருளில் எடுத்துவிடுவார்கள். பிறகு வாரத்துக்கு ஓர் அங்கம். வாரத் தொடக்கத்தில் நடிகர்கள் சுற்றி இருந்து பிரதியை வாசிப்பார்கள். அடுத்த நாட்களில் ஒரு வெறும் மண்டபத்தில் ஒத்திகை. தரையில் ஒட்டிய பட்டிகள்தான் சுவர், கதவு, மேசை எல்லாம். கடைசி ஒத்திகையில் கமெராக்காரரும் ஒலிக்காரரும் வந்து பார்ப்பார்கள். கலையகத்தில் ஒரே ஒரு நாள்தான். பகல் முழுக்கக் கமெராக்களோடு ஒத்திகை, இரவில் பார்வையாளர் வந்து அமர்ந்ததும் முதல் காட்சியில் இருந்து கடைசிக் காட்சி வரை நாடகம் போல வரிசையாகப் பதிவு. முன்பே எடுத்த வெளிப்புறக் காட்சிகளை அங்கேயே திரையில் போட்டுக் காட்டி அவர்களுடைய சிரிப்பையும் பதிவு செய்துகொள்வார்கள். நீங்கள் கேட்கும் சிரிப்பு அந்த மனிதர்கள் சிரித்தது. நடிகர் அந்தச் சிரிப்பு இறங்கும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தைச் சொல்கிறார். அந்தக் காத்திருப்பை ஒத்திகை இல்லாமல் யாரும் பெற முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை கொழும்பில் ஒரு நிலையத்துக்கு அரை மணி நேர நகைச்சுவை நாடகம் ஒன்றைச் செய்தோம். ஒரு நாளில் மூன்று அங்கம் எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்றார்கள். காலை ஏழு மணிக்குப் பிரதி நடிகர் கையில் வந்தது, எட்டரைக்கு ஒளிப்பதிவு. அனுசரணையாளருக்கு வேண்டிய ஒருவருக்காக ஒரு வேடம் சேர்க்கப்பட்டது. எங்களிடம் இருந்த நடிகர்கள் மேடையில் ஆயிரம் பேரைச் சிரிக்க வைக்கக் கூடியவர்கள். அன்று வசனத்தை நினைவில் வைத்திருப்பதே அவர்களுக்குப் பெரிய பாடாகிவிட்டது. ஒளிபரப்பான பிறகு ‘எங்கட ஆட்களுக்குக் கொமடி வராது’ என்று சனம் சொன்னது. எனக்கு அது இன்றைக்கும் நோகிறது. அவர்களுக்குக் கொடுக்கப்படாதது நாலு நாள் ஒத்திகை மட்டும்தான்.

சரி, ‘டாட்ஸ் ஆர்மி’க்கு வருவோம். 1967இல் ‘பெகர் மை நெய்பர்’ தொடரில் சின்ன வேடத்தில் நடிக்க ஜிம்மி பெரி என்ற நடிகர் வந்தார். அவருக்கு முகவர் குரொஃப்ட்டின் மனைவி ஆன்தான். பெரி பையன் வயதில் ஊர்காவல் படையில் இருந்தவர். 1940இல் ஜேர்மன் படை கரையிறங்கும் என்று இங்கிலாந்து பயந்தபோது, இராணுவத்துக்கு எடுபடாத கிழவர்களையும் பொடியன்களையும் சேர்த்து அமைத்த தொண்டர் படை அது. தொடக்கத்தில் துவக்குக் கூடப் போதாது. பெரி இதை வைத்து ஒரு பிரதி எழுதி குரொஃப்ட்டிடம் கொடுத்தார். குரொஃப்ட்டுக்கு வாசித்தவுடன் பிடித்துவிட்டது. பெரிக்கு அப்போது தொலைக்காட்சிக்கு எழுதிய அனுபவம் இல்லை என்பதால் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பிபிசியின் நகைச்சுவைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த மைக்கல் மில்ஸ்தான் ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற பெயரைக் கொடுத்தார்.

மேலிடத்தில் ஒரு பயம் இருந்தது. யுத்தம் முடிந்து இருபத்து மூன்று வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஊர்காவல் படையில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களைக் கேலி செய்வதாக ஆகிவிடாதா என்று பிபிசி 1இன் பொறுப்பாளர் போல் ஃபொக்ஸ் கவலைப்பட்டார். தொடக்கத்தில் நாஜிப் படைகளையும் அகதிகளையும் காட்டும் உண்மையான படத்துண்டுகள் இருந்தன, அவற்றை எடுக்கச் சொன்னார். இன்றைக்கு நாங்கள் பார்க்கும், வரைபடத்தில் அம்புக்குறிகள் ஒன்றையொன்று துரத்தும் தொடக்கம் அப்படித்தான் வந்தது. 1968 ஜூலை 31ஆம் திகதி முதல் அங்கம் ஒளிபரப்பானது. 1977 நவம்பரில் முடிந்தபோது 80 அங்கங்கள் ஆகியிருந்தன. உச்சத்தில் 1 கோடியே 80 இலட்சம் பேர் பார்த்தார்கள்.

அந்தத் தொடரின் உயிர் எங்கே இருக்கிறது? படைக்குத் தலைவன் கப்டன் மெயின்வாரிங், சின்ன ஊர் வங்கி ஒன்றின் முகாமையாளர். கஷ்டப்பட்டுப் படித்து மேலே வந்தவர். குள்ளம், வழுக்கை, மூக்குக்கண்ணாடி. அவருக்குக் கீழே சார்ஜன்ட் வில்சன், வங்கியிலும் அவருக்குக் கீழ்தான். ஆனால் வில்சன் பெரிய வீட்டுப் பிள்ளை, பெரிய பாடசாலையில் படித்தவர், அழகன், அலட்டிக்கொள்ளாத குரல். வழக்கமாக எழுதியிருந்தால் பெரிய வீட்டுக்காரர் கப்டன், மற்றவர் சார்ஜன்ட். அதைத் தலைகீழாக்கியதால் ஒவ்வொரு காட்சியிலும் ஒரு நெருப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. மெயின்வாரிங் கட்டளை போடுகிறார், வில்சன் ‘அது அவ்வளவு புத்திசாலித்தனமா, சேர்?’ என்று மெல்லக் கேட்கிறார். அந்த ஒரு வசனத்தில் ஒரு சமூகத்தின் ஏற்றத்தாழ்வு முழுக்க வந்துவிடுகிறது.

மெயின்வாரிங்காக ஆர்தர் லோ, வில்சனாக ஜோன் லெ மெஷூரியர். லோவை வேண்டும் என்று நின்றவர் பெரி. லோ பிபிசிக்குப் போட்டியான தனியார் தொலைக்காட்சியில் பெயரெடுத்தவர் என்பதால் பிபிசிக்குத் தயக்கம் இருந்தது. கழுத்தில் மப்ளரோடு வரும் பைக் என்ற பொடியன், பையன் வயது பெரியேதான். கிளைவ் டன் நடித்த கோப்ரல் ஜோன்ஸ் இறைச்சிக்கடைக்காரர், பழைய சூடான் யுத்தக் கதையை விடமாட்டார், ‘பதறாதீங்கோ, பதறாதீங்கோ’ என்று தானே பதறி ஓடுவார். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர், ஒரு தொழில், ஒரு பெருமை, ஒரு பயம். குரொஃப்ட் பகிடிகளைத் தேடியதாக எனக்குத் தெரியவில்லை. மனிதர்களை ஒருவருக்கு அருகில் ஒருவராகச் சரியாக இருத்தினார். பகிடி தானாக வந்தது. அவருடைய வாழ்க்கை முழுக்க இதைத்தான் செய்தார் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

அவரும் பெரியும் எழுதிய விதமும் எனக்குப் பிடிக்கும். இரண்டு அங்கத்துக்கான கதையை இருவரும் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். பிறகு ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு தனித்தனியே போய் எழுதுவார்கள். நீங்களும் மூன்று பேர் என்கிறீர்கள், இதை முயற்சி செய்து பாருங்கள். மூன்று பேர் ஒரு மேசையில் இருந்து ஒரே பிரதியை எழுதினால் தேத்தண்ணிதான் முடியும்.

1974இல் இருவரும் ‘இட் எய்ன்ட் ஹாஃப் ஹொட் மம்’ தொடங்கினார்கள். இந்தியாவில் தேவ்லாலி முகாமில், படையினருக்காகப் பாட்டும் கூத்தும் நடத்தும் பீரங்கிப் படைக் குழு ஒன்றின் கதை. பெரி அப்படி ஒரு குழுவில் இருந்தவர், குரொஃப்ட்டும் இந்தியாவைப் பார்த்தவர். நான் முன்பு சொன்ன டினோ ஷபீக் இதில்தான் தேநீர்க்காரராக வருகிறார். இந்தத் தொடரைப் பற்றி நான் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியப் பணியாள் ரங்கி ராமாக நடித்தவர் மைக்கல் பேட்ஸ் என்ற வெள்ளைக்காரர், முகத்துக்கு நிறம் பூசிக்கொண்டு. பேட்ஸ் இந்தியாவின் ஜான்சியில் பிறந்தவர், அந்த ஊர் மொழி தெரிந்தவர், பர்மாவில் கூர்க்காப் படையோடு இருந்தவர், அவர் அந்தப் பாத்திரத்தில் அன்போடு நடித்தார் என்பதெல்லாம் உண்மை. அதற்காக அது சரியாகிவிடாது. பிபிசி இன்று அதை மறு ஒளிபரப்புச் செய்வதில்லை. குரொஃப்ட் கடைசி வரை அந்தத் தொடருக்காக வாதாடினார். நான் அவரை மதிக்கிறேன், இந்த இடத்தில் அவரோடு உடன்படவில்லை. எங்கள் நாடகங்களில் மலையகத்தவரையும் முஸ்லிம்களையும் வேறு ஆட்கள் நடித்து, பேச்சை மட்டும் பிடித்துச் சிரிக்க வைத்த காலம் எங்களுக்கும் உண்டு. நீங்கள் எழுதத் தொடங்கும்போது இதை மனதில் வையுங்கள்.

அதற்கு இரண்டு வருடம் முந்தியது ‘ஆர் யூ பீயிங் சேர்வ்ட்’. இதில் குரொஃப்ட்டுடன் எழுதியவர் ஜெரமி லொயிட். லொயிட் இளம் வயதில் இலண்டன் பிக்கடிலியில் சிம்ப்சன்ஸ் என்ற பெரிய உடுப்புக் கடையில் விற்பனையாளராக நின்றவர். ஆண்கள் உடுப்பும் பெண்கள் உடுப்பும் ஒரே மாடியில் விற்கும் ஒரு கடை, யார் முதலில் வாடிக்கையாளரிடம் போகலாம், யார் எந்தத் தொப்பி போடலாம் என்பதில் கூட ஒரு வரிசை. முன்னோட்ட அங்கம் 1972 செப்டெம்பர் 8ஆம் திகதி ஒளிபரப்பானது. மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் கொல்லப்பட்டதால் விளையாட்டு ஒளிபரப்பு நின்று, அந்த வெற்றிடத்துக்கு எடுத்துப் போடப்பட்ட அங்கம் அது. 1985 வரை ஓடியது. லிப்ட் ஓசையோடு ஒவ்வொரு மாடியிலும் என்னென்ன விற்கிறது என்று சொல்லும் தொடக்கப் பாட்டின் வரிகளும் குரொஃப்ட்டுடையவை. மேடைக்குப் பாட்டெழுதிய கை அல்லவா.

தம்பி, காலி வீதியில் உங்கள் வீட்டைச் சுற்றி எத்தனை புடவைக் கடைகள்? முதலாளி ஒரு ஊர், கணக்கப்பிள்ளை இன்னொரு ஊர், சேலை விரித்துக் காட்டும் பிள்ளை ஹட்டனில் இருந்து வந்தவர், தைத்துக் கொடுக்கிறவர் மருதானை நானா, காசாளர் சிங்களப் பிள்ளை. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அந்தக் கடைக்குள் நடப்பதை எழுதினாலே இரண்டு வருடத்துக்குப் போதும். அந்தக் கடையின் வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரியாவிட்டால் மூன்று மாதம் ஒரு கடையில் வேலைக்கு நில்லுங்கள். லொயிட்டுக்கு அப்படிக் கடையில் நின்றதில்தான் கதை கிடைத்தது.

1980இல் வந்த ‘ஹை-டி-ஹை’ விடுமுறை முகாம் ஒன்றின் பொழுதுபோக்குக் குழுவைப் பற்றியது. பெரி அப்படியான முகாமில் வேலை செய்தவர், குரொஃப்ட் அங்கே மேடை நிகழ்ச்சிகள் தயாரித்தவர். இங்கேயும் அதே முறை: ஒரு மூடிய இடம், ஒரு மேல் கீழ் வரிசை, எல்லோருக்கும் தாங்கள் அடைய முடியாத ஒரு கனவு. நல்ல தொடர், ஆனால் எங்கள் ஆட்களுக்கு அந்த முகாம் வாழ்க்கை தூரம் என்பதால் நான் அதில் நிற்கவில்லை.

‘அலோ அலோ’வில் நிற்க வேண்டும். 1982 இறுதியில் முன்னோட்டம், 1984இல் இருந்து 1992 வரை தொடர், மொத்தம் 85 அங்கங்கள். மறுபடி லொயிட்டுடன். ஜேர்மனியர் பிடித்து வைத்திருக்கும் பிரெஞ்சு ஊர் ஒன்றில் ரெனே என்ற தேநீர்ச்சாலைக்காரர் எல்லாப் பக்கத்துக்கும் நல்ல பிள்ளையாக இருந்து உயிர் பிழைக்கப் பார்க்கிறார். பிபிசியின் ‘சீக்ரெட் ஆர்மி’ என்ற கனமான யுத்தத் தொடரைப் பார்த்து எழுந்த யோசனை இது. இதில் மொழியை வைத்து அவர்கள் செய்த காரியம் பெரிய கண்டுபிடிப்பு. எல்லாப் பாத்திரங்களும் பேசுவது ஆங்கிலம்தான். பிரெஞ்சு உச்சரிப்பில் ஆங்கிலம் பேசினால் அது பிரெஞ்சு மொழி, ஜேர்மன் உச்சரிப்பில் பேசினால் ஜேர்மன், மூக்கால் பேசினால் ஆங்கிலம் என்று பார்வையாளர் ஏற்றுக்கொள்கிறார்கள். பிரெஞ்சுப் பொலிஸ்காரர் வேடத்தில் திரியும் ஆங்கிலேய உளவாளிக்குப் பிரெஞ்சு சரியாக வராது. அதனால் அவர் பேசும் ஆங்கிலத்தில் உயிரெழுத்துகள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். ‘பள்ளிக்குப் போகிறேன்’ என்பதை ‘பல்லிக்குப் போகிறேன்’ என்று ஒருவர் மிகுந்த மரியாதையோடு சொன்னால் எப்படியோ, அப்படி.

இதைப் பார்த்தபோது எனக்கு இலங்கை வானொலியின் ‘கோமாளிகள் கும்மாளம்’தான் ஞாபகம் வந்தது. எழுபதுகளில் எஸ். ராம்தாஸ் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீட் ஐயராகவும் வந்து, முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் எல்லாவற்றையும் ஒரே வீட்டுக்குள் விட்டார்கள். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. இன்றைக்கும் அந்தக் கலைஞர்களை மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன் என்றுதான் சனம் சொல்கிறது. ‘அலோ அலோ’ வருவதற்குப் பல வருடம் முன்பே, பேச்சு வழக்குகளை வைத்தே ஒரு தொடரைக் கட்டலாம் என்று கொழும்பில் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்களிடம் இல்லாமல் போனது தொடர்ச்சி. குரொஃப்ட்டுக்கு ஒரு நிறுவனம் முப்பது வருடம் இடம் கொடுத்தது. எங்கள் கலைஞர்களுக்கு நாட்டு நிலைமையும் கொடுக்கவில்லை, நிலையங்களும் கொடுக்கவில்லை.

அவர் தோற்ற இடங்களும் உண்டு. ‘கம் பேக் மிசிஸ் நோவா’ என்று விண்வெளியில் நடக்கும் ஒரு தொடரை 1977இல் தொடங்கினார், எடுபடவில்லை. என் எண்ணத்தில் காரணம் எளிது. விண்வெளியில் அவர் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. பீரங்கிப் படை, நாடக மேடை, விடுமுறை முகாம் என்று தனக்கோ தன் எழுத்துத் துணைக்கோ பழகிய தரையில் நின்றபோது அவர் அரிதாகவே தவறினார். கடைசிக் காலத்தில் பெரியுடன் ‘யூ ராங், மிலோர்ட்’, ரிச்சர்ட் ஸ்பென்ட்லவ்வுடன் ‘ஓ, டொக்டர் பீச்சிங்’ செய்தார். இரண்டும் ஓரளவு நல்லவை, முன்னைய உயரம் இல்லை.

இன்னொரு விஷயம், நடிகர்களை அவர் வைத்திருந்த விதம். போல் ஷேன், சூ பொலார்ட், ஜெஃப்ரி ஹொலண்ட் மூவரும் ‘ஹை-டி-ஹை’யில் இருந்து அந்தக் கடைசி இரண்டு தொடர்கள் வரைக்கும் அவரோடு வந்தார்கள். வெண்டி ரிச்சர்ட் ‘டாட்ஸ் ஆர்மி’யில் சின்ன வேடத்தில் வந்து பிறகு ‘ஆர் யூ பீயிங் சேர்வ்ட்’ உடுப்புக் கடையில் முக்கிய ஆளானார். பழைய நாடகக் கம்பனி முதலாளி மாதிரி, ஒரு முறை நம்பியவரைத் திரும்பத் திரும்ப அழைத்தார். ஒவ்வொரு அங்கத்தின் முடிவிலும் ‘நீங்கள் இதுவரை பார்த்தது’ என்று எழுத்துப் போட்டு, ஒவ்வொரு நடிகரின் முகத்தையும் பெயரோடு தனித்தனியே காட்டியது அவருடைய முத்திரை. 1978இல் அவருக்கும் பெரிக்கும் ஓபிஈ என்ற பிரிட்டிஷ் அரச விருது கிடைத்தது. 2011 செப்டெம்பர் 27ஆம் திகதி போர்த்துக்கலின் தவிராவில் இருந்த வீட்டில், எண்பத்தொன்பதாவது வயதில் குரொஃப்ட் இறந்தார்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்பீர்கள். ‘டாட்ஸ் ஆர்மி’யில் 1973இல் வந்த ‘த டெட்லி அட்டாச்மென்ட்’ என்ற அங்கத்தைப் பாருங்கள். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கப்டன், யுத்தம் முடிந்த பிறகு பழிவாங்குவதற்காக, தன்னை அவமதிப்பவர்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறான். பொடியன் பைக் ஹிட்லரைக் கிண்டல் செய்து பாடுகிறான். உன் பெயரும் பட்டியலில் ஏறும், என்ன பெயர் என்று கப்டன் கேட்கிறான். மெயின்வாரிங் அவசரமாகக் குறுக்கே விழுந்து ‘அவனுக்குச் சொல்லாதே, பைக்!’ என்கிறார். தமிழிலும் அந்தப் பகிடி அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அது சொல்லில் இல்லை, அந்த மனிதரில் இருக்கிறது. முதல் தடவை அப்பாவோடு இருந்து சிரித்துப் பாருங்கள். இரண்டாம் தடவை ஒலியை நிறுத்திவிட்டு, அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் கமெரா யார் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் முதல் அங்கத்தின் பிரதியை எனக்கு அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.